முடியப்பர் திருநாளில் மறைந்த மேரி

பெரம்பலூருக்கு இரயில் இல்லை. ஆதலால் கோடை விடுமுறைகளில் நாங்கள் அரியலூரில் இறங்கி, பேருந்து ஏறி, இரண்டு ஊர்களுக்கும் இடையிலிருந்த அம்மாச்சியின் சிற்றூருக்குச் செல்வோம். அறுவடை முடிந்த வயலில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஒருநாள் மாலை, அங்கே மணலைக் குவித்து அமர்ந்து 'மிஸ்ஸியம்மா' பார்த்தோம்.

1955இல் வெளிவந்த படம் அது. வேலைக்காக ஓர் இந்து இளைஞரின் மனைவியாக நடிக்க நேரும் கத்தோலிக்க ஆசிரியை மேரியாக வந்தவர் சாவித்திரி. முதலில் பானுமதி நடிப்பதாக இருந்த வேடம் அவரிடம் வந்தது. அதுவே அவரை உயர்த்திற்று. பி. லீலாவின் குரலில் மேரி மாதாவை நோக்கி அவர் பாடியபோது, சினிமாவையே விரும்பாத அம்மாச்சி, இருப்பது கொட்டகை என்பதை மறந்து சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

"அந்தப் பிள்ளை நம்ம வேதந்தானே?" என்று கேட்டார். குண்டூர் மாவட்டத்துத் தெலுங்கு இந்துக் குடும்பத்துப் பெண் என்றோம். "இருக்கட்டுமே, மாதாவைப் பார்த்த கண்ணில் பொய் இல்லையே" என்றார்.

'பாசமலர்' (1961), 'கை கொடுத்த தெய்வம்' (1964), 'நவராத்திரி' (1964) என்று தமிழர் இல்லந்தோறும் உறவானவர் சாவித்திரி. பெண்கள் இயக்குவது அரிதாயிருந்த காலத்தில் படங்களை இயக்கினார். அவரே தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' (1971) பெருநட்டத்தைத் தந்தது. செல்வம் கரைந்தது, மது வாழ்வில் புகுந்தது. 1980 மே மாதம் நினைவிழந்தவர், 19 மாதங்கள் விழிக்கவேயில்லை.

அந்நாள்களில் நாங்கள் கல்லூரி மாணவர்கள். "குடித்தே அழிந்தாள்" என்று தேநீர்க் கடையில் பிறர் பேசியதை வீட்டிலும் பேசினோம். அம்மாச்சியோ இரவுச் செபமாலையின் முடிவில் அவருக்காக ஓர் 'அருள் நிறை மரியே' சேர்த்துக்கொண்டார். "குடித்தவர்களுக்கெல்லாமா செபம், அம்மாச்சி?" என்று சிரித்தோம்.

"உங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றேன்" என்றார்.

தாத்தா வயிற்று நோயால் இறந்தார் என்றே அதுவரை அறிந்திருந்தோம். அவ்விரவு வீட்டில் எவரும் பேசவில்லை.

1981 டிசம்பர் 26 அன்று சாவித்திரி மறைந்தார். வீட்டு வாசலில் கிறிஸ்து பிறப்பு விழாவின் நட்சத்திர விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "இன்னைக்கு முடியப்பர் திருநாள்" என்று மட்டும் அம்மாச்சி சொன்னார்.

2018இல் அவர் வாழ்க்கை 'நடிகையர் திலகம்' என்னும் படமாக வந்தபோது, பிள்ளைகளோடு நாங்களும் அழுதோம். அந்தக் கண்ணீர் 37 ஆண்டுகள் தாமதமானது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

முடியப்பர்மீது கல்லெறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைச் சவுல் என்னும் இளைஞரின் காலடியில் வைத்தார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள். அவர் கல்லெடுத்ததாக அங்கே இல்லை. ஆடைகளைக் காத்து நின்றார், அவ்வளவே. ஆண்டுதோறும் அத்திருநாளில் இவ்வாசகம் படிக்கப்படும்போது, தேநீர்க் கடையில் நின்ற எங்கள் முகங்களே எங்களுக்கு நினைவுக்கு வருகின்றன.

அம்மாச்சி இன்று இல்லை. அவருடைய செபமாலை எங்களிடம் இருக்கிறது. அதன் முடிவில் இரண்டு 'அருள் நிறை மரியே' கூடுதலாகச் சொல்கிறோம்.