ஒன்றுக்கு இருபத்துநான்கு

ஒரு அங்குலம் இரண்டு அடிக்குச் சமம். ஒன்றுக்கு இருபத்துநான்கு. நான் வாங்கிய பெட்டியின் மூடியில் எனக்குப் படிக்கத் தெரிந்தது இந்த விகிதம் மட்டும்தான்; மற்றதெல்லாம் சீன மொழி. உள்ளே லேசரால் வெட்டிய ப்ளைவுட் தகடுகள், துணித் துண்டுகள், கம்பி, மணிகள், அச்சிட்ட காகிதம், கடுகளவு விளக்குகள். பசை கிடையாது, அதை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் எண் பார்த்து ஒட்டினால் ஒரு படிப்பறை கிடைக்கும் என்றது மேலட்டைப் படம். கிழக்குத் தாம்பரத்தில் மூன்றாவது மாடியில், சாப்பாட்டு மேஜையின் மேல், ஐந்து வாரம் இதைச் செய்தேன்.

அலமாரிக்கு எண்பது புத்தகங்கள். அச்சிட்ட அட்டையை மடித்து உள்ளே வெள்ளைக் காகிதக் கட்டை ஒட்டினால் ஒரு நூல் ஆயிற்று. எண்பதுக்கும் முதுகு உண்டு, உள்ளே ஒன்றுமில்லை. (சில இலக்கியப் பிரமுகர்களின் வரவேற்பறைகள் ஞாபகம் வந்தன.) இங்கிலாந்து ராணி மேரிக்காக எட்வின் லட்யன்ஸ் 1921-க்கும் 1924-க்கும் இடையில் செய்த பொம்மை வீடு இதைவிட நேர்மையானது. அதன் விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஏறி இறங்கும். நூலகத்துக்கு அன்றைய எழுத்தாளர்கள் குட்டிப் புத்தகங்களைக் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். கானன் டாயில் ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையே எழுதினார். அதே வருஷங்களில் அதே லட்யன்ஸ் தில்லியில் வைசிராய்க்கு மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார். இரண்டும் யாரும் நிம்மதியாகக் குடியிருப்பதற்காகத் திட்டமிட்டவை அல்ல. காட்டுவதற்கானவை.

வேலையில் இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் தெளிவாயிற்று. வடிவம் சுருங்குகிறது, பொருள் சுருங்குவதில்லை. ஜன்னல் திரைக்குக் கொடுத்திருந்த துணி மெல்லியதுதான், ஆனால் நூலின் பருமன் நம் வீட்டுத் திரையில் இருப்பதேதான். அதனால் மடிப்பு விழாமல் தகரம் மாதிரி விறைத்து நின்றது. ஒரு சொட்டுப் பசை அந்த அறைக்கு ஒரு வாளி. நீண்ட அனுபவத்தைக் குறுக்கிவிட்டால் நாலு வரிக் கவிதை ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் திரைச்சீலையை ஒருமுறை தைத்துப் பார்க்கலாம்.

நம் கொலுவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே விகிதமே கிடையாது. ஒரு முழ மரப்பாச்சி, பக்கத்தில் கட்டைவிரல் கிருஷ்ணன். செட்டியார் பொம்மை தன் கடையைவிடப் பெரியவர். யார் பெரியவர் என்பதை உருவத்தின் அளவு தீர்மானிப்பதில்லை, படி தீர்மானிக்கிறது. சிற்றில் இன்னும் பழையது. கலித்தொகையில் தெருவில் சிறுமிகள் கட்டிய மணல்வீட்டை ஒரு பயல் காலால் சிதைக்கிறான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுக்கவும் கண்ணனிடம் அதற்கான கெஞ்சல். ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்களில் ஒன்றாகவே அது நிலைத்துவிட்டது. கட்டுவது அங்கே வெறும் ஏற்பாடு. சிதைப்பவன் வந்தபிறகுதான் கவிதை வருகிறது. பெண்கள் அவ்வளவு நேரம் குந்தி உட்கார்ந்து மணல் கொழித்ததைப்பற்றிக் கவிகளுக்கு அக்கறை குறைவு என்றும் சொல்ல வேண்டும்.

சிதைந்த வீடு ஒன்று எங்களுக்கும் உண்டு. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் வந்தபிறகு பட்டணத்து குமாஸ்தாக்கள் இந்தப் பக்கம் மனை வாங்கலானார்கள். அப்பா அந்த வரிசையில் தாமதமாகச் சேர்ந்தவர். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டி 1964-ல் ஒரு ஓட்டு வீடு கட்டினார். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது போட்டோ ஆல்பங்களும் வீட்டின் ப்ளூ பிரிண்ட்டும் ஒரே கூழாயின. 2017-ல் வீட்டை விற்றோம். ஒரு முற்பகல் போதுமாயிருந்தது இடிக்க.

படிப்பறை முடிந்தபோது வெட்டுத் தகடுகளின் சட்டங்கள் மிச்சம் இருந்தன. அவற்றால் அந்த வீட்டை, அதே விகிதத்தில், செய்ய ஆரம்பித்தேன். தூண்களைப் பார்த்துவர முட்டுக்காட்டுக்குப் போனேன். 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, மறுபடி கோத்திருக்கிறார்கள். முழு அளவுப் பெட்டிச் சாமான்கள். ஆனால் அவர்கள் கையில் மரம் இருந்தது, கதவு இருந்தது. என்னிடம் அளவுகள்கூட இல்லை. உடம்பை வைத்துக் கணக்கிட்டேன். திண்ணையில் அப்பா மல்லாந்து படுத்தால் தூணுக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு சொம்பு வைக்கலாம். ரேழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஹாண்டில்பார் இடது சுவரில் உரசும். அந்தக் கீறலின் உயரம் என் அப்போதைய தோள்.

அடுக்களை அக்காவுடையது. சிட்லபாக்கத்திலிருந்து வந்தவள் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"மேடை இவ்வளவு உசரமில்லடா. அம்மா குள்ளம். அவளுக்குன்னு தாழக் கட்டினது."

ஒரு நூல் அளவு சீவினேன். பிறகு கொல்லைப்பக்கம் திரும்பினாள்.

"கிணறு எங்க?"

"வட்டமா வச்சிருக்கேனே அக்கா."

"அது கைப்பிடிச்சுவர். கிணறு எங்கடா?"

அவள் கேட்டது நியாயம். அவள்தான் இறைத்தவள். ராட்டினத்துக்குப் போக இருபத்தெட்டு முழக் கயிறு என்றாள், யோசிக்காமல். நாற்பத்திரண்டு அடி. மேலே கொஞ்சம் மண், கீழே கருங்கல். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலண்ட் 1893-ல் சார்னக்கைட் என்று பெயர் சூட்டினாரே, பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து போன அந்தக் கல்லின் ஜாதிதான். வெடி வைத்துத் தோண்டினார்கள். வீட்டைக் கட்டியதைவிட அதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று என்று அப்பா சொல்வார்.

இருபத்துநான்கால் வகுத்துப் பார்த்தேன். வீட்டின் முகடு ஏழு அங்குலம். கிணறு இருபத்தொன்று. ஓடு, திண்ணை, ரேழி, நான் கீறலோடு செய்து வைத்த சுவர் எல்லாம் அந்தப் பள்ளத்தின் மேல் வைத்த மூடி மாதிரி ஆகிவிட்டன. நான் முன்வாசலிலிருந்து வீட்டை அளந்துகொண்டிருக்க, அவள் அதன் முக்கால் பாகத்தைக் கையால் அளந்து வைத்திருந்தாள், தினம் இருபது முப்பது தடவை.

சாப்பாட்டு மேஜையில் ஓட்டை போட மனைவி சம்மதிக்கவில்லை. பழைய பலகை ஒன்றை நாற்காலி முதுகுகளுக்கு இடையில் கிடத்தி, மூன்று அங்குல வட்டம் அறுத்தேன். சண்முகம் சாலையில் ஒரு ரெக்ஸின் கடையில் சுருள் சுற்றி வரும் அட்டைக் குழாய் கொடுத்தார்கள். உள்ளே கறுப்புக் காகிதம் ஒட்டி, பலகைக்கு அடியில் தொங்கவிட்டேன். தண்ணீருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அடியில் ஒரு கண்ணாடித் துண்டு.

அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இது தை மாசத் தண்ணி" என்றாள். "மே மாசத்துக்கு இன்னும் ஏழு முழம் சேக்கணும்."

ஐந்தேகால் அங்குலம். அதே சுற்றளவில் குழாய் இன்னும் கிடைக்கவில்லை.