போதும் என்ற சொல்

எங்கள் வட்டத்தில் பழைய சிறுகதைகளை வரிவரியாக மெய்ப்புப் பார்த்துக் கணினியில் ஏற்றி வருகிறோம். அதற்கென ஜாவாஸ்கிரிப்டில் நாங்களே எழுதிய நிரலின் நடுவே இருந்தது ஒரு ஜெனரேட்டர். (மின்வெட்டு நாட்களின் டீசல் எந்திரம் நினைவுக்கு வரும் அன்பர்கள் பொறுத்தருள்க. இது 2015-ஆம் ஆண்டுத் தரவரையறையில் இடம்பெற்ற ஒருவகைச் செயற்கூறு.)

சாதாரணச் செயற்கூறு, அழைத்தால் முடியும்வரை ஓடும். இதுவோ 'யீல்ட்' என்ற சொல்லை எட்டியதும் ஒரு வரியை நம்மிடம் கொடுத்துவிட்டு, நினைவில் வைத்திருப்பது எதுவும் கலையாமல் அங்கேயே நின்றுவிடும். 'நெக்ஸ்ட்' என்று அழைத்தால் தொடரும். அவ்வழைப்போடு திருத்திய வரியையும் உள்ளே அனுப்பலாம். முதல் அழைப்போடு அனுப்புவது மட்டும் வீண். வாங்கிக்கொள்ள உள்ளே எந்த யீல்டும் அப்போது காத்திருப்பதில்லை. எழுத்துச் சிதைந்த வரியென்றால் 'த்ரோ'. நின்ற இடத்திலேயே பிழை எழும். உள்ளிருக்கும் 'கேட்ச்' அதை ஏந்தி, வினாக்குறி இட்டு, அடுத்த வரியைத் தரும்.

திருத்தங்கள் அனைத்தையும் சேர்த்துவைத்து 'ஃபைனலி' பகுதியில் கோப்பில் எழுதும்படி அமைத்திருந்தோம். எப்படி நின்றாலும் ஃபைனலி ஓடும் என்பது எங்கள் நம்பிக்கை.

கண்புரை அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்த எங்கள் மூத்த நண்பர், ஒரு மாலை மூன்று மணி நேரம் அமர்ந்து நெடுங்கதையொன்றின் பாதியைத் திருத்தினார். 'போதும்' என்ற பொத்தானை அழுத்தி எழுந்தார். மறுநாள் பார்த்தால் ஒரு திருத்தமும் இல்லை.

தவறு எங்களுடையது. 'ஃபார்-ஆஃப்' சுற்றாக இருந்திருந்தால், நடுவில் முறித்து வெளியேறும்போது அதுவே 'ரிட்டர்ன்' என்று அழைத்து ஜெனரேட்டரை மூடியிருக்கும், ஃபைனலியும் ஓடியிருக்கும். ஆனால் ஃபார்-ஆஃப் வழியே உள்ளே எதையும் அனுப்ப இயலாது. திருத்தங்களை அனுப்ப வேண்டியே நெக்ஸ்டைக் கையால் அழைத்தோம். அப்படியானால் ரிட்டர்னையும் நாமே அழைக்க வேண்டும் என்பதை மறந்தோம். பொத்தான் அழுத்தப்பட்டதும் சுற்று நின்றது. ஜெனரேட்டரோ, நாங்கள் போய்விட்டதை அறியாமல், அடுத்த திருத்தத்துக்காக அதே யீல்டில் காத்திருந்து, நிரல் மூடப்பட்டபோது திருத்தங்களோடு மறைந்தது.

ஒவ்வொன்றையும் உடனுக்குடன் எழுதியிருக்கலாமே என்பீர்கள். உண்மைதான், இப்போது அப்படித்தான் செய்கிறோம். ரிட்டர்னும் சேர்த்தாயிற்று.

நண்பரிடம் சொல்லக் கூசியது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் போதும் என்றது அதன் காதில் விழவேயில்லையா?" என்றார். அன்று மாலை மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார். இம்முறை நாங்கள் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டினோம்.