ஒன்று – பூஜ்யம் – ஒன்று

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர்ந்த பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் என்னிடம் வந்து கேட்பதுண்டு: "சார், டாக்டர் வேலை எப்படியிருக்கும்னு இப்பவே கிட்ட இருந்து பார்க்க வழி இருக்கா?" திண்டுக்கல்லில் இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பூட்டுப் பட்டறைக்கும் நூல் மில்லுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். சொந்தத்தில் ஒரு டாக்டர் இருந்தால் அவருடைய கிளினிக்கில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். இவர்களுக்கு அது இல்லை.

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர், மருத்துவர்களுடன் எத்தனை மணி நேரம் இருந்தார் என்று கணக்குக் காட்டுவது வழக்கம். நமக்கு நீட் மதிப்பெண்தான் எல்லாம். 2022 ஜனவரியில் நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதக்கணக்கில் நின்றாலும் தரவரிசையில் ஓர் இடம்கூட முன்னேற முடியாது. "படிக்கிற நேரத்துல இது எதுக்கு சார்?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதற்கு மதிப்பெண் இல்லை என்பதால்தான் நான் போகச் சொல்கிறேன். நோயாளிகள் நடுவே இருக்கத் தனக்குப் பிடிக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அங்கே விடை கிடைக்கும். அந்த விடை பதினாறு வயதில் தெரிவது, இருபத்தைந்தில் தெரிவதைவிட மலிவு.

எளிய வழி, பள்ளிகளில் நடக்கும் கண் சிகிச்சை முகாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததில் இந்த முகாம்களுக்குப் பெரும்பங்கு உண்டு. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, பார்வையைச் சோதித்து, கண் அழுத்தம் பார்த்து, புரை முற்றியவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள். இதில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்குக் கிடைப்பது எடுபிடி வேலைதான். வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும், படிவத்தை நிரப்ப வேண்டும், பார்வை மங்கியவர்களைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, மூன்று கால் உள்ள 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைக் காட்டி அதன் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கேட்பார்கள். "அப்பத்தா, எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையைக் காட்டுங்க" என்று முதலில் சத்தம் போட்ட பையன், மதியத்துக்குள் பக்கத்தில் குனிந்து நிதானமாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறான். காது மந்தமானவரிடம் கத்துவதைவிட முகம் பார்த்துப் பேசுவது பலன் தரும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அரவிந்த் மருத்துவமனையில் பார்வை சோதிப்பதிலிருந்து அறுவைக்குத் துணைநிற்பது வரை பெரும்பகுதி வேலையைச் செய்பவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள்.

இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சி இன்னொரு வழி. நாய் கடித்த இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், ஆளை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தெரிந்த ஒரு பிள்ளை தோட்டங்காடு சூழ்ந்த நம் ஊர்களில் வீட்டுக்கு ஒன்று இருப்பது நல்லது. மேல்நிலை வகுப்பில் தொழிற்பிரிவாகச் செவிலியம் எடுக்கும் மாணவிகள் செய்முறைக்காக வார்டுக்கே போகிறார்கள். அதை மதிப்பெண் குறைந்தவர்களின் பிரிவு என்று ஒதுக்குகிறோம். டாக்டராகப் போகும் பிள்ளையோ நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காமல் தேர்வு எழுதுகிறது.

நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது நிலக்கோட்டைப் பக்கம் நடந்த ஒரு சம்பவத்தை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் பெண் தன்னார்வலர் ஒருவரோடு எங்கள் மாணவி ஒருத்தி போனாள். ஒரு வீட்டில் சீட்டை வாங்கிப் படித்தாள்: 1-0-1, அதாவது காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று; சாப்பாட்டுக்குப் பின். "காலையில சாப்பிட்டதும் ஒண்ணு போடுறீங்களாம்மா?" என்று கேட்டாள். "காலையில எங்க தாயி சாப்பிடுறது? மூணு மணிக்கு மல்லிப்பூ எடுக்கப் போனா, மார்க்கெட்டுல போட்டுட்டு வந்து அடுப்பு மூட்டப் பத்து மணி ஆயிரும். கெளம்பும்போதே வரக்காப்பியில முழுங்கிருவேன். ரெண்டு நாளா காட்டுல தலை கிறுகிறுங்குது."

சீட்டில் பிழை இல்லை. மாத்திரை போடத் தவறியதும் இல்லை. மருந்து எழுதியவருடைய காலையும் பூ எடுப்பவருடைய காலையும் வேறு வேறு. வெறும் வயிற்றில் சில சுகர் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த மாணவி எதையும் மாற்றச் சொல்லவில்லை. தன்னார்வலரிடம் சொன்னாள், அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சிஸ்டரிடம் சொல்ல, டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். பள்ளி மாணவர் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஊசியைத் தொடக்கூடாது, மருந்து சொல்லக்கூடாது, கேட்டதைச் சரியான ஆளிடம் சேர்க்க வேண்டும். யாருக்கு என்ன நோய் என்று பள்ளியில் வந்து பேசக்கூடாது, படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது. இந்தக் கடைசி இரண்டையும்தான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடு தேடிப் போகும் மருத்துவம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, டாக்டரான கணவரை இளவயதிலேயே பிளேக்கில் இழந்து, பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் தானே மருத்துவம் படித்தவர் சௌந்தரம். பட்டணத்தில் தொழில் நடத்தியிருக்கலாம். 1947-இல், பின்னர் மறுமணம் செய்துகொண்ட ஜி. ராமச்சந்திரனோடு சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். கஸ்தூர்பா மருத்துவமனை அதில் வளர்ந்தது. கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனமும் பின்னாளில் அங்கே வந்தது. வாசலில் நின்று பேசத் தெரிந்த ஆட்கள் டாக்டர் அளவுக்கே தேவை என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

என்னிடம் கேட்ட பிள்ளைகளில் மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் குறைவு. ஒருவன் லேப் டெக்னீஷியன், ஒருத்தி நர்ஸ், சிலர் மில்லுக்கும் கடைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் முகாமில் கழித்த ஞாயிற்றுக்கிழமைகள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் சுகர்காரர் ஒருவர் இருப்பார். அவர் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேட்பதற்கு எந்த நுழைவுத் தேர்வும் எழுத வேண்டியதில்லை.