க்ளார்க் சம்பளமும் ஊர் வாடகையும்

பேங்க் க்ளார்க் வேலை கிடைத்தால் லைஃப் செட்டில் என்பார்கள். எந்த ஊரில் என்று மட்டும் கேட்பதில்லை!

2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாய். வீட்டு வாடகைப்படி அதில் 10.25 சதவீதம், அதாவது சுமார் 2,465. சென்னையிலும் அதேதான், மன்னார்குடியிலும் அதேதான். இந்தக் காசுக்குச் சென்னையில் வீடா? மேன்ஷனில் ஒரு கட்டில் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

மத்திய அரசு க்ளார்க் கதை வேறு. அங்கே ஊரைத் தரம் பிரித்து 2024 ஜனவரி முதல் 30, 20, 10 சதவீதம் என்று வைத்தார்கள். 19,900 அடிப்படைச் சம்பளத்துக்குச் சென்னையில் 5,970. சின்ன ஊரில் 1,990. இதுவே நியாயம். (அதுவும் போதாது என்பது தனிக்கதை.)

மன்னார்குடியில் சொந்த வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற க்ளார்க் மிச்சம் பிடித்துவிடுவார். ட்ரான்ஸ்ஃபரில் சென்னை வந்தவர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கிறார்.