யார் கண்ணுக்காக இந்த அலங்காரம்? - ஷிபுயா பெண்களின் கதை

பள்ளி முடிந்து வாசலைத் தாண்டியதும் அந்த மாணவி செய்யும் முதல் வேலை, ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டியை இரண்டு மூன்று சுற்று மடித்துவிடுவதுதான். முழங்கால் வரை இருந்த ஸ்கர்ட் சட்டென்று தொடைக்கு ஏறிவிடும். அடுத்து, பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸ் வெளியே வரும். அது சாதாரண சாக்ஸ் இல்லை. கணுக்காலைச் சுற்றித் தொளதொளவென்று மடிப்பு மடிப்பாக விழும். நழுவாமல் இருக்கக் காலில் தடவிக்கொள்ள, உருளை வைத்த குப்பியில் ஒரு பசை கடைகளில் கிடைக்கும். பசையைத் தடவி, சாக்ஸை ஒட்டி, தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு ரயில் ஏறினால், அவள் வேறொரு பெண்.

மாலை வீடு திரும்பும்போது இதே வேலைகள் தலைகீழாக நடக்கும். ஸ்கர்ட் பழையபடி இறங்கும். சாக்ஸ் பைக்குள் போகும். இடுப்பருகே விழுந்த மடிப்புக் கோடு மட்டும் அவ்வளவு எளிதில் போகாது.

1990-களின் டோக்கியோவில் இப்படி ஆயிரக்கணக்கான மாணவிகள் இருந்தார்கள். ‘கோகியாரு’ என்று அவர்களுக்குப் பெயர். ஆங்கிலத்தில் இளம்பெண்ணைக் குறிக்கும் ‘கேல்’ என்ற சொல் ஜப்பானியர் வாயில் ‘கியாரு’ ஆனது. 1970-களில் பெண்களுக்கான ஒரு ஜீன்ஸின் பெயராக அந்த நாட்டுக்குள் வந்த சொல் அது. முன்னால் இருக்கும் ‘கோ’, உயர்நிலைப் பள்ளி மாணவி என்ற ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்து என்பார்கள். ‘சின்னப் பெண்’ என்ற பொருளில் சேர்ந்தது என்று சொல்வோரும் உண்டு.

உடையால் பெரியவர்களைப் பதறவைத்த பெண்கள் ஜப்பானுக்குப் புதியவர்கள் அல்ல. 1920-களில், கிமோனோவை விட்டுவிட்டு மேல்நாட்டு கவுன் அணிந்து, நீண்ட கூந்தலைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு, கின்ஸா கடைவீதியில் நடந்த பெண்களை ‘மோகா’ என்று அழைத்தார்கள். ‘மாடர்ன் கேர்ள்’ என்பதன் சுருக்கம். குடும்பப் பெண்ணுக்கு இது அழகா என்று அன்றைக்கே பத்திரிகைகள் கேட்டன. 1970-களில் ‘சுகேபன்’ என்ற முரட்டு மாணவிகள் வந்தார்கள். அவர்கள் சீருடை ஸ்கர்ட்டைக் கணுக்கால் வரை நீட்டினார்கள். அதுவும் ஒழுங்கீனம் என்றானது. இருபது ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அதே ஸ்கர்ட்டைக் குறைத்தார்கள். நீட்டினாலும் குற்றம், குறைத்தாலும் குற்றம். உண்மையான சண்டை அளவைப் பற்றியதே அல்ல. அளவை யார் முடிவு செய்வது என்பதுதான் சண்டை.

கோகியாரு பெண்கள் சீருடையைத் தூக்கி எறியவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். 1980-களின் பிற்பகுதியில், மாணவிகளைக் கவர்வதற்காகப் பல பள்ளிகள் பழைய மாலுமி பாணிச் சீருடையை மாற்றி, பிளேஸரும் கட்டம் போட்ட ஸ்கர்ட்டும் கொண்டுவந்தன. மாணவிகளுக்கு அது பிடித்துவிட்டது. பள்ளி கொடுத்த உடையையே தங்கள் உடையாக்கிக்கொண்டார்கள். பழுப்புச் சாயம் ஏற்றிய முடி, கழுத்தில் பர்பெரி மஃப்ளர், தொளதொள சாக்ஸ். முதலில் வசதியான தனியார் பள்ளி மாணவிகளிடம் தொடங்கிய இந்தப் பாணி, சில ஆண்டுகளிலேயே மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது.

அது ஏன் அந்தக் காலத்தில் நடந்தது? 1989 டிசம்பரில் டோக்கியோ பங்குச்சந்தை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டே சரியத் தொடங்கியது. நிலத்தின் விலையும் பின்னாலேயே விழுந்தது. நன்றாகப் படித்து, நல்ல கம்பெனியில் சேர்ந்தால் ஓய்வு பெறும் வரை கவலையில்லை என்று அப்பாக்கள் நம்பிய வாழ்க்கை ஆட்டம் கண்டது. 1995 ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்தது. 1997 நவம்பரில், நூறு வயதான யாமாயிச்சி பங்கு நிறுவனம் மூடப்பட்டபோது, ஊழியர்கள் மீது தவறில்லை என்று சொல்லி அதன் தலைவர் கேமராக்களின் முன் அழுதார்.

அந்த அழுகையைத் தொலைக்காட்சியில் பார்த்த வீடுகளில் பதினாறு வயதுப் பெண்களும் இருந்தார்கள். ‘இப்போது அடங்கி நட, பின்னால் நன்றாக இருப்பாய்’ என்ற அறிவுரைக்கு உத்தரவாதம் கொடுக்க அந்த நாட்டில் அப்போது யாரும் இல்லை. பின்னால் என்ன ஆகும் என்று தெரியாதபோது, இன்றைய மாலைப் பொழுதையாவது தன் விருப்பப்படி கழிக்கலாம் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

அந்த மாலைப் பொழுதுகளுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஷிபுயா ரயில் நிலையத்துக்கு எதிரே, 1979-ல் திறக்கப்பட்ட ‘109’ என்ற வட்டக் கோபுரக் கட்டடம் அந்த இடமானது. ஜப்பானிய மொழியில் பத்து ‘தோ’, ஒன்பது ‘கியூ’. இரண்டையும் சேர்த்தால் அதைக் கட்டிய ‘தோகியூ’ நிறுவனத்தின் பெயர். 1990-களின் நடுவில் அதன் தளங்கள் ஒவ்வொன்றாக இளம்பெண்களுக்கான கடைகளாக மாறின.

பெண்களிடம் தங்களுக்கென்று ஒரு மொழியும் இருந்தது. அலுவலக ஆட்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் பயன்படுத்திவந்த பேஜரை மாணவிகள் வாங்கிக்கொண்டார்கள். அதில் எண்களை மட்டுமே அனுப்ப முடியும் என்றபோது எண்களிலேயே பேசினார்கள். நான்கை ‘யொ’ என்றும் ‘ஷி’ என்றும் படிக்கலாம். ஆறு ‘ரொ’, ஒன்பது ‘கு’. ஆகவே 4649 என்று வந்தால் ‘யொரோஷிகு’, அதாவது ‘உன்னை நம்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்’. 0840 என்றால் ‘ஒஹாயோ’, காலை வணக்கம். அதே எண்வரிசையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு ஒன்றும் புரியாது.

1995-ல் ‘புரிகுரா’ வந்தது. தோழிகள் நெருக்கியடித்து நின்று படம் எடுத்துக்கொண்டால், அந்தப் படத்தைத் தபால்தலை அளவு ஸ்டிக்கர்களாகக் கொடுக்கும் இயந்திரம். அட்லஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் யோசனையில் பிறந்தது. அந்த ஸ்டிக்கர்களை டைரியில் ஒட்டி, தோழிகளோடு மாற்றிக்கொண்டார்கள். இந்தப் படங்களை எடுத்தவரும் பெண், படத்தில் இருந்தவரும் பெண், பார்த்து ரசித்தவரும் பெண்.

அதே 1995-ல் ‘எக்’ என்ற பத்திரிகை தொடங்கியது. அதன் பக்கங்களில் சினிமா நட்சத்திரங்களுக்குப் பதிலாக, ஷிபுயா தெருவில் நடந்துகொண்டிருந்த பெண்களே வந்தார்கள். தலைவிரி கோலமாகச் சிரித்தார்கள், கேமராவைப் பார்த்து முகம் கோணினார்கள், பளிச்சென்று பேசினார்கள். படித்த பெண்ணுக்கு, அடுத்த இதழில் தானும் வரலாம் என்று தோன்றியது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பாடகி வந்தார். 1977-ல் ஒகினாவாவில் பிறந்த நமியே அமுரோ. தெற்குக் கோடியில் இருக்கும் அந்தத் தீவுகள் 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தவை. அங்கிருந்து வந்தவர்களைத் தலைநகரம் இளக்காரமாகப் பார்த்த காலமும் உண்டு. அமுரோவின் தோலில் தெற்கு வெயில் இருந்தது. மெல்லிய புருவம், நீண்ட பழுப்பு முடி, மினி ஸ்கர்ட், உயரமான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ். இதை அப்படியே பின்பற்றிய பெண்களை ‘அமுரா’ என்று அழைத்தார்கள். 1996-ல் ஜப்பானில் அதிகம் பேசப்பட்ட புதுச் சொற்களின் பட்டியலில் அந்தப் பெயரும் இடம்பிடித்தது. அடுத்த ஆண்டு தன் திருமணத்தை அறிவிக்க அமுரோ அணிந்துவந்த பர்பெரி கட்டம் போட்ட ஸ்கர்ட் கடைகளில் விற்றுத் தீர்ந்தது.

அமுரோவுக்குப் பின்னால் வந்தவர்கள் அவரையும் தாண்டிப் போனார்கள். 1990-களின் கடைசியில் ‘கங்குரோ’ பிறந்தது. கறுத்த முகம் என்ற பொருள்படும் எழுத்துகளால் அதை எழுதுவதுண்டு. தோலைக் கறுக்கவைக்கும் நிலையங்களில் விளக்குகளுக்கு அடியில் படுத்து, அதுவும் போதாமல் அடர் பழுப்பு ஃபவுண்டேஷன் பூசி, கண்ணைச் சுற்றி வெள்ளை, உதட்டிலும் வெள்ளை, வெளுத்த அல்லது ஆரஞ்சு நிற முடி, உடையில் பெரிய செம்பருத்திப் பூக்கள்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் ஜப்பானியப் பழமொழி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தோல் ஏழு குறைகளை மறைக்கும் என்பது அது. பெண் பார்க்கும் பேச்சிலும் அழகுசாதன விளம்பரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த நம்பிக்கை. கங்குரோ பெண்கள் தெருவில் நடந்த அதே ஆண்டுகளில், சுசுகி சோனோகோ என்ற அழகுக்கலை நிபுணர் பளீரென்ற வெள்ளை முகத்தோடு தொலைக்காட்சியில் தோன்றி, வெண்மையே அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோலை வெளுக்கவைக்கும் கிரீம்கள் அமோகமாக விற்றன. அந்த நாட்டில், அந்த நேரத்தில், ஒரு பெண் காசு செலவழித்துத் தன்னைக் கறுப்பாக்கிக்கொண்டாள்.

ஆண்களுக்கு இது பிடிக்கவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. ‘யாமன்பா’ என்று பெயர் வைத்தார்கள். கலைந்த நரைமுடியோடு மலையில் வசித்து, வழி தவறி வந்தவர்களை விழுங்கும் நாட்டுப்புறக் கதைக் கிழவியின் பெயர் அது. பெண்கள் அழவில்லை. அந்தப் பெயரைச் சுருக்கி ‘மன்பா’ என்றார்கள், ஒப்பனையை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். பார்ப்பவர் மெச்ச வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லாதவரை ஏளனத்தால் என்ன செய்துவிட முடியும்?

ஆனால் இந்தக் கறுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கறுப்பின மக்களின் தோற்றத்தையும் இசையையும் விளையாட்டாக எடுத்து அணிந்துகொள்வது சரியா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. நியாயமான கேள்விதான். சோப்புப் போட்டால் போய்விடும் கறுப்பு வேறு. பிறக்கும்போதே வந்து, அதற்காகவே ஏச்சு வாங்கித் தரும் கறுப்பு வேறு.

ஏளனத்தைவிட ஆழமாகக் காயப்படுத்தியது ஒரு பழி. பணம் கொடுத்துப் பள்ளி மாணவிகளோடு பழகும் நடுத்தர வயது ஆண்களைப் பற்றிய செய்திகள் 1996 வாக்கில் பத்திரிகைகளை நிரப்பின. அப்படி நடந்ததும் உண்மை. ஆனால், செய்திகளில் வந்த படமெல்லாம் தொளதொள சாக்ஸ் போட்ட கால்கள்தான். பணத்தை நீட்டிய ஆணின் படம் வரவில்லை. சாக்ஸ் போட்ட ஒவ்வொரு பெண்ணும், ரயிலில் சந்தேகப் பார்வைகளைத் தாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியிருந்தது. 1999-ல்தான், சிறுமிகளை விலைக்கு வாங்குபவரைத் தண்டிக்கும் தனிச் சட்டத்தை ஜப்பான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குற்றவாளி யார் என்று சட்டம் சொல்வதற்குள், ஒரு தலைமுறை மாணவிகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஒரு பக்கம் இந்தப் பெண்களால் நாடே கெட்டுவிட்டது என்று பேச்சு. மறுபக்கம் அவர்கள் கருத்தைக் கேட்கக் கம்பெனிகள் ஷிபுயாவில் நின்றன. 1996-ல் வெளியான ‘தமாகோச்சி’ பொம்மையின் வடிவத்தை, பண்டாய் நிறுவனம் அங்கிருந்த மாணவிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்டுத்தான் முடிவு செய்தது. 109 கட்டடத்தில் துணி விற்ற பெண்களே பிரபலங்கள் ஆனார்கள். அவர்கள் இன்று அணிந்த சட்டை நாளை விற்றுத் தீரும். பல்கலைக்கழகப் பட்டமோ பெரிய இடத்துச் சிபாரிசோ இல்லாத இருபது வயதுப் பெண்ணின் கண்ணுக்கு அந்தக் கட்டடத்துக்குள் மதிப்பு இருந்தது.

புதிய நூற்றாண்டு பிறந்ததும் கறுப்பு மெல்ல வெளுத்தது. கியாரு பாணி வேறு வேறு வேடங்களில் தொடர்ந்தது. ‘எக்’ 2014-ல் நின்றுபோனது. 2018-ல் இணையத்தில் திரும்பி வந்தது, மறு ஆண்டு அச்சிலும். அதே 2018 செப்டம்பர் 16 அன்று, நாற்பது வயதில், அமுரோ பாடுவதிலிருந்து ஓய்வு பெற்றார். 2022 ஏப்ரலில் டோக்கியோ மாநகரப் பள்ளிகள், எல்லா மாணவர்களின் முடியும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளைக் கைவிட்டன. பிறவியிலேயே பழுப்பு முடி கொண்ட பிள்ளைகள்கூடச் சாயம் பூசி வர வேண்டியிருந்த விதி அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாணவிகள் ரயில் நிலையத்தில் கேட்ட கேள்விக்கு, கல்வித்துறை நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

தொளதொள சாக்ஸ் இப்போது மறுபடியும் கடைகளுக்கு வந்திருக்கிறது. அன்றைய மாணவிகளுக்கு இன்று வயது நாற்பத்தைந்தை ஒட்டி. பலருக்குப் பள்ளிக்குப் போகும் மகள்கள் இருக்கிறார்கள். மகளின் சீருடையை இஸ்திரி போடும்போது, ஸ்கர்ட்டின் இடுப்பருகே ஒரு மடிப்புக் கோடு தெரிந்தால், அது எப்படி வந்தது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிலர் அதைத் தேய்த்து மறைத்துவிடுவார்கள். சிலர் பார்த்தும் பார்க்காததுபோல் மடித்து வைத்துவிடுவார்கள்.