சோனகதெருவுக்கும் ஒருமுறை போய் வருவோம்

யாழ்ப்பாணத்துக்கு வருபவர்கள் நல்லூர்க் கோயில், கோட்டை, பொது நூலகம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நகரின் வடமேற்கே, நாவாந்துறைக்குப் போகும் பக்கத்தில் உள்ள சோனகதெருவை அநேகர் எட்டிப் பார்ப்பதில்லை. பள்ளிவாசல்களும் ஒஸ்மானியாக் கல்லூரியும் நெருக்கமான ஒழுங்கைகளும் உள்ள இடம் அது. தையற்காரரும் இரும்பு வியாபாரிகளும் இறைச்சிக் கடைக்காரரும் தலைமுறையாக வாழ்ந்த இடம். நாம் பேசும் அதே யாழ்ப்பாணத் தமிழைத்தான் அவர்களும் பேசினார்கள்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இந்த ஒழுங்கைகளில் ஒலிபெருக்கி அறிவித்தல் கேட்டது. மக்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்பது விடுதலைப் புலிகளின் கட்டளை. பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகள்கூட வாங்கப்பட்டன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதிகமானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். சொந்தக் கடையும் வீடும் வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள்.

சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்களும் ஒலிபெருக்கி அறிவித்தல் கேட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பிள்ளையை இடுப்பிலும் பொட்டலத்தைத் தலையிலும் சுமந்து நாவற்குழிப் பாலத்தில் இரவிரவாக நெரிபட்டவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். அந்தத் திகதி எங்கள் இரு சாராருக்கும் பொதுவானது.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் சிலர் வந்து பார்த்துப் போனார்கள். 2009 இன் பின் வந்தவர்கள் கண்டது கூரையும் கதவும் இல்லாத சுவர்களைத்தான். சிலருடைய காணி கைமாறியிருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஊர் புதிது. ஆகவே பல குடும்பங்கள் இன்றும் இரண்டு ஊரிலும் காலூன்றி வாழ்கின்றன.

சகோதரிகளே, போரைப் பற்றி அவர்கள் சொல்வது எங்களுக்குக் கசக்கலாம். நாங்கள் சொல்வது அவர்களுக்கு நோகலாம். பிள்ளையைப் போராட்டத்துக்குக் கொடுத்த தாயும், அந்தப் போராட்டத்தால் ஊரை இழந்த தாயும் ஒரே கருத்துக்கு வருவது இலகுவல்ல. வரத்தான் வேண்டும் என்றும் இல்லை. யாருடைய இழப்புப் பெரிது என்று தராசில் நிறுக்காமல், மற்றவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டால் போதும். அன்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதற்குப் பெரிய கூட்டமோ மேடையோ தேவையில்லை. தைக்கக் கொடுக்கும் சட்டையைச் சோனகதெருவில் கொடுக்கலாம். நோன்புப் பெருநாளுக்குப் போய் வரலாம். வட்டிலப்பம் தந்தால், தைப்பொங்கலுக்கு நாங்களும் ஒரு சட்டி பொங்கல் அனுப்பலாம். அடுத்த ஒக்டோபர் 30 இல் எங்கள் இடப்பெயர்வை நினைக்கும்போது, அவர்களுடையதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். வீடிழந்தவளின் வலி வீடிழந்தவளுக்குத்தான் முதலில் விளங்கும்.