விமான நிலைய வாசலில் ஒரு யோகெபேத்



புனேயிலிருந்து மும்பைக்குச் செல்லும் விரைவுச் சாலையில் ஊழியத்தின் நிமித்தம் எத்தனையோ முறை பயணம் செய்திருக்கிறேன். எனினும் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து இரவு ஒன்றில் சென்ற பயணத்தை என்னால் மறக்க இயலவில்லை. அன்று எங்கள் வாகனத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளைத் தத்தெடுத்த இத்தாலிய தம்பதியர் அவளுக்கு இருபுறமும் அமர்ந்திருந்தனர். அவள் இந்தியாவை விட்டுச் செல்கிறாள். நாங்கள் வழியனுப்பச் செல்கிறோம்.

நாங்கள் என்றால், நானும், குழந்தைகள் இல்லத்தின் அலுவலர் ஒருவரும், எங்கள் கட்கி சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கணவரோடு பிழைக்க வந்து, இளவயதிலேயே விதவையான அச்சகோதரி, அந்த இல்லத்தில் ஆயாவாகப் பணிபுரிகிறார். பிறந்த எட்டாம் நாளில் கைவிடப்பட்டு, இடக்கை முழுமையாக வளராத நிலையில் வந்த அக்குழந்தையை இராப்பகலாய்ச் சுமந்தவர் அவரே. மராட்டிய வழக்கப்படி குழந்தை அவரை 'மாவ்ஷி' என்று அழைத்தாள். தாயின் சகோதரி, அதாவது நம் சித்தி, பெரியம்மா என்பது அதன் பொருள். "பாஸ்டர் ஐயா, அன்றைக்கு என்னால் தனியாகத் திரும்பி வர முடியாது. நீங்களும் கூட வாருங்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டதால் நான் சென்றேன்.

வழியில் அலுவலரிடம் சட்டமுறைகளைக் கேட்டறிந்தேன். 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை நம் நாடு 2003-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு பிள்ளைக்கு முதலில் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேடப்பட வேண்டும். கிடைக்காதபோதுதான் அயல்நாட்டுப் பெற்றோருக்கு வழி திறக்கும். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தடையின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் ஆணை, பிள்ளையின் பெயரில் கடவுச்சீட்டு ஆகிய யாவும் முடிந்த பின்னரே பயணம். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் பிள்ளையின் நலன் குறித்த அறிக்கைகள் வந்துகொண்டிருக்க வேண்டும்.

"முதலில் நம் நாட்டில் தேடினோம் ஐயா. கையைப் பார்த்ததும் ஒருவரும் முன்வரவில்லை" என்றார் அவர். அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கண்டாலா மலைச்சரிவை அடையுமுன் உணவுக்காக நிறுத்தினோம். சிறுமி வடாபாவ் கேட்டாள். சகோதரி காரமான பொடியைத் தட்டிவிட்டு, சிறு துண்டாகப் பிட்டு, ஊதி, அவள் வாயில் வைத்தார். அந்த இத்தாலியத் தாயார் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் துண்டைச் சகோதரி பிட்டபோது, அதைக் குழந்தையின் வாயில் வைக்காமல் அந்தத் தாயாரின் கையில் கொடுத்தார். அவரும் அதேபோல் ஊதி ஊட்டினார். குழந்தை ஒரு கணம் மாவ்ஷியின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைக்கவே, வாய் திறந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மும்பை விமான நிலையத்தை அடைந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. குழந்தை அயர்ந்து உறங்கிவிட்டாள். பயணச்சீட்டு உள்ளோர் மட்டுமே உள்ளே செல்லலாம். எங்கள் எல்லை அந்த வாசல்தான். "இப்படியே தூக்கிக்கொண்டு போகட்டும். விழித்தால் அழுவாள்" என்று நான் மெதுவாகச் சொன்னேன். சகோதரி மறுத்துவிட்டார்.

"வேண்டாம் ஐயா. ஒருமுறை இவளை ஒருவர் சொல்லாமல் விட்டுப் போனார்கள். நானும் அப்படிச் செய்யக் கூடாது."

அவர் குழந்தையை எழுப்பினார். தாம் பின்னிய கம்பளிச் சட்டையை அணிவித்தார். ஒரு கைப்பகுதி அவளுடைய அளவிற்கேற்பக் குட்டையாகவே பின்னப்பட்டிருந்தது. "மாவ்ஷி வரவில்லை. நீ உன் அம்மா, அப்பாவோடு உன் வீட்டுக்குப் போகிறாய்" என்று மராட்டியில் தெளிவாகச் சொன்னார். குழந்தை வீறிட்டு அழுதாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சகோதரி அந்தச் சிறு கையை எடுத்துப் புதிய தாயின் கைக்குள் வைத்து, மூடி, பின்வாங்கினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர்கள் மறையும்வரை அவர் அழவில்லை. பிறகு அழுதார்.

அன்பானவர்களே, யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். யோகெபேத் கூலி பெற்றுக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்த்து, ஏற்ற வேளையில் அவனை அந்நிய நாட்டு இளவரசியிடம் ஒப்புவித்தாள். அந்த ஒப்புவித்தலின் விலை என்னவென்பதை வேதாகமக் கல்லூரியில் நான் கற்கவில்லை. அந்த வாசலில் கற்றேன். ஆண்டுதோறும் சாமுவேலுக்குச் சிறு சட்டை தைத்துக் கொண்டுபோன அன்னாளையும் அங்கேதான் கண்டேன்.

இப்பொழுது என் அறிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் பிள்ளையில்லாத தம்பதியர், முறைப்படி பதிவுசெய்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். "விசுவாசத்தோடு காத்திருங்கள், கர்த்தர் கர்ப்பத்தின் கனியைத் தருவார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தத்தெடுப்பதை அவிசுவாசத்தின் அடையாளமாக எண்ணினேன். நாம் பெற்ற இரட்சிப்பையே புத்திர சுவிகாரம் என்று ரோமர் 8-ஆம் அதிகாரம் அழைப்பதை எப்படி மறந்தேன்?

புனேக்குக் கிழக்கே, சோலாப்பூர் இருப்புப்பாதையில் கேட்காவ் இருக்கிறது. பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் 1905-ஆம் ஆண்டு எழுப்புதலின் அக்கினி இறங்கியதைப் பெந்தெகொஸ்தே மக்களாகிய நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூருகிறோம். ஆனால் அந்த அக்கினி இறங்கிய வீடு, பஞ்சத்தில் கைவிடப்பட்ட சிறுமிகளுக்கும் விதவைகளுக்கும் கதவு திறந்த வீடு என்பதை எத்தனை முறை நினைக்கிறோம்?

ஊர் திரும்பியதும் அத்தம்பதியரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். முன்பு 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்தவர்கள் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. இன்றோ சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் நாமும் முழுமையான பெற்றோராகலாம் என்பதை விளக்கினேன். அவர்கள் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து காத்திருக்கிறார்கள். மருத்துவமனையிலோ இடைத்தரகரிடமோ இரகசியமாகப் பிள்ளையை வாங்குவது குற்றமும் பாவமுமாகும். அவ்வழியை ஒருவரும் நாடாதிருப்பீர்களாக.

அந்தச் சகோதரி மறுநாள் காலையிலேயே இல்லத்திற்குப் பணிக்குச் சென்றுவிட்டார். புதிதாக ஒரு குழந்தை வந்திருந்ததாம்.

கைவிடப்பட்டோரைச் சேர்த்துக்கொள்ளும் கர்த்தர் தாமே நம் வீடுகளின் கதவுகளையும் திறந்தருள்வாராக. ஆமென்.